ஒரே சாம்பல், ரெண்டு பேக்ரவுண்ட்: மானிட்டர் கோளாறா, கண்ணு கோளாறா?

4 ஜனவரி, வாசகர் கேள்வி

ஒரு பேனர் பண்ணிட்டு இருக்கேன். லோகோ சாம்பல் கலர், ஹெக்ஸ் கோடு (கம்ப்யூட்டர்ல அந்தக் கலருக்கு உள்ள எண்ணு) 808080, அத தொடவே இல்ல. வெள்ளை மேல வச்சா சாம்பலாவே இருக்கு, ஆரஞ்சு மேல வச்சா நீலம் கலந்த மாதிரி தெரியுது. ஐட்ராப்பர் (தொட்ட இடத்தோட கலர் எண்ணைக் காட்டற டூல்) வச்சுப் பாத்தா ரெண்டு இடத்துலயும் 808080 தான் வருது. மானிட்டர் கோளாறா இல்ல என் கண்ணு ஏமாத்துதா? இதுல உண்மையான கலர் எது?

4 ஜனவரி, இரவு

மானிட்டர்ல ஒண்ணும் இல்ல. கண்ணும் நல்லாத்தான் இருக்கு. சுத்தி இருக்கற கலர், நடுவுல இருக்கறத தனக்கு நேர் எதிர்ப் பக்கமா தள்ளும். ஆரஞ்சுக்கு எதிர்ல நீலம் இருக்கு, அதனால ஆரஞ்சு நடுவுல வச்ச சாம்பல்ல நீலம் ஏறுது. அதே 808080ஐ நீலத்து மேல வைங்க, லேசா ஆரஞ்சு தட்டும். சிவப்பு மேல வச்சா பச்சையும் நீலமும் கலந்த மாதிரி போகும். கருப்பு மேல வெளுத்துத் தெரியும், வெள்ளை மேல அழுத்தமா தெரியும். டிசைன் படிச்சவங்க சைமல்டேனியஸ் கான்ட்ராஸ்ட்னு சொல்றது இதத்தான்.

ஐட்ராப்பரை விட நேரடியா ஒரு டெஸ்ட் இருக்கு. தடிமனான சாம்பல் அட்டை ஒண்ணு எடுத்து ரெண்டு ஓட்டை போட்டு, ரெண்டு லோகோவும் ஓட்டைக்குள்ள மட்டும் தெரியற மாதிரி ஸ்க்ரீன் மேல பிடிங்க. பேக்ரவுண்ட் மறைஞ்ச உடனே ரெண்டும் ஒண்ணாயிடும். அட்டையை எடுத்தா பழையபடி பிரிஞ்சுடும். ரெண்டும் ஒண்ணுதான்னு நல்லா தெரிஞ்ச பிறகும் பிரியும், என்னை ரொம்ப பிடிச்சு இழுக்கறது அந்த இடம்தான்.

5 ஜனவரி

உங்களுக்கு வந்த அதே புகார் ரெண்டு நூற்றாண்டுக்கு முன்னாடியே வந்திருக்கு. பாரிஸ்ல கோப்ளான்னு ஒரு அரசாங்க நெசவுக்கூடம், சுவர்ல தொங்கவிடற பெரிய பெரிய சித்திரத் திரைகள் நெய்யற இடம். 1824ல மிஷேல் யூஜீன் ஷெவ்ரலைச் சாயப் பிரிவுக்கு பொறுப்பா போட்டாங்க, அவரு கெமிஸ்ட். நூல்ல சாயம் சரியில்லைன்னு வந்த புகார்ல சிலது நியாயமானது, ஆனா ஒரு புகார் மட்டும் அவருக்கு பிடிபடல. நீலத் துணி, ஊதாத் துணி வர்ற இடத்துல நிழல் காட்டறதுக்கு போடற கருப்பு நூல் வெளுத்து, உரம் இல்லாம இருக்குன்னாங்க. அவரு வேற பட்டறைங்கள்ல சாயம் போட்ட கருப்பை வாங்கி, தன்னோடத பக்கத்துல வச்சுப் பாத்தாரு. வித்தியாசம் இல்ல. அப்போ சாயத்துல கோளாறு இல்ல, பக்கத்துல ஓடற நீலம்தான் கருப்பைக் கெடுக்குதுன்னு பிடிச்சுட்டாரு. 1839ல இதப் பத்தி பெரிய புத்தகமே போட்டாரு.

அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது துணி அச்சுக்காரங்க கதை. வியாபாரிங்க சிவப்பு, ஊதா, நீலம்னு ஒரே கலர்ல துணி குடுத்து, இது மேல கருப்பு டிசைன் அச்சடிச்சுக் குடுங்கன்னு சொல்லியிருக்காங்க. அச்சடிச்சு வந்ததும் ஒரே சண்டை: சிவப்புத் துணி மேல டிசைன் பச்சையா இருக்கு, நீலத்து மேல செம்பு நிறமா இருக்கு, நாங்க கேட்டது கருப்பு. ஷெவ்ரல் என்ன பண்ணாருன்னா, டிசைன் வடிவத்துக்கே வெள்ளைக் காகிதத்த வெட்டி, பின்னணித் துணி தெரியாம மூடிட்டு, கருப்பு மட்டும் தெரியற மாதிரி வச்சுக் காட்டினாரு. எல்லாம் சுத்தக் கருப்பு! நான் மேல சொன்ன ஓட்டை போட்ட அட்டை வேற ஒண்ணும் இல்ல, இதேதான்.

5 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

"கண்ணு ஏமாத்துது"ங்கற பேச்சு எனக்கு சுத்தமா ஒத்துக்க முடியல, அதுக்குக் காரணம் சொல்லணும்.

கண்ணு லைட் மீட்டர் கிடையாது. ஒரு இடத்துல இருந்து எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு அளந்து மூளைக்கு அனுப்பற வேலைய அது செய்யறதே இல்ல, இந்த இடம் பக்கத்து இடத்தை விட எவ்வளவு வித்தியாசம்னு கணக்குப் போட்டுத்தான் அனுப்புது. 1953ல ஸ்டீஃபன் கஃப்ளர் பூனையோட ரெட்டினாவுல (கண்ணுக்குள்ள வெளிச்சத்த வாங்கற படலம்) இத நேராவே பாத்தாரு, ஒரு செல்லுக்கு நடுவுல வெளிச்சம் பட்டா அது துடிக்கும், அதே வெளிச்சம் சுத்து வட்டத்துல பட்டா அடங்கிடும், ரெண்டுலயும் சேந்து பட்டா பெருசா ஒண்ணும் சொல்லாது (சில செல்லு இதுக்கு அப்படியே தலைகீழ்). கலர் விஷயத்துல இது ரெட்டினாவோட நிக்காம மூளைக்குள்ளயும் தொடருது, சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் மஞ்சள்னு ஜோடி ஜோடியா. ஆக உங்க லோகோ விஷயத்துல கண்ணு சொன்னது "இது பக்கத்துல இருக்கறதை விட நீலப் பக்கம் இருக்கு"ங்கறது, அது நூத்துக்கு நூறு சரி. ஆரஞ்சோட ஒப்பிட்டா 808080ல நீலம் கூடத்தான் இருக்கு.

உங்க கையிலயே பாக்கலாம். உள் மணிக்கட்டுல பச்சையா நீலமா ஓடுதே நரம்பு, அந்தத் தோல நல்ல பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து, நரம்பு மேல ஐட்ராப்பர் வைங்க. அது சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண்ணு காட்டும். பெரும்பாலும் சிவப்போட எண்ணுதான் நீலத்தோட எண்ணை விட பெருசா இருக்கும், அதாவது தனியா எடுத்துப் பாத்தா அது பழுப்பு கலந்த சாம்பல். சுத்தி இருக்கற தோல்ல சிவப்பு இன்னும் அதிகம், நரம்பு இருக்கற இடத்துல அது கொஞ்சம் குறையுது, அந்தக் குறைச்சல்தான் நமக்கு நீலமா தெரியுது. இத அளந்து பாத்து ஆல்வின் கீன்லேவும் கூட இருந்தவங்களும் 1996ல எழுதியிருக்காங்க. ஊசி போடறவங்க நரம்பைத் தேடறப்போ அந்தக் கலர் வித்தியாசம்தான் கை குடுக்குது. இதப் போய் ஏமாத்துன்னு எப்படிச் சொல்றது?

7 ஜனவரி

"வித்தியாசம் லேசாத்தான் தெரியுது, பெருசா ஒண்ணும் இல்லையே"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அவரு ஆழமான சிவப்பு மேல வெளிர் சாம்பலை வச்சுப் பாத்திருக்காரு. ரெண்டோட வெளிச்ச அளவும் ரொம்ப தள்ளி இருந்தா கலர் தள்ளறது குறையும். ஜெர்மனியில அகஸ்ட் கிர்ஷ்மன் 1891லயே இத விதி விதியா எழுதி வச்சிருக்காரு: சுத்தி இருக்கற பரப்பு பெருசா இருந்தா தள்ளல் கூடும், நடுவுல இடைவெளி விட்டா குறையும், வெளிச்சம் ரெண்டுலயும் சமமா இருந்தா கலர் தள்ளல் உச்சத்துல இருக்கும்.

காகிதத்துலயே செஞ்சு பாருங்க. பளிச்சுன்னு ஒரு சிவப்புக் காகிதம், அது மேல அதே அழுத்தத்துல ஒரு சின்ன சாம்பல் துண்டு. லேசா பச்சை தட்டும், தட்டாத மாதிரியும் இருக்கும். இப்போ அது மேல மெல்லிசா ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடுங்க. சிவப்பு ரோஸாயிடும், எல்லாமே மங்கிடும், ஆனா சாம்பல் துண்டு மட்டும் முன்ன விட நல்லா பச்சையாயிடும். மேல போட்டது வெள்ளை, அடியில இருக்கறது சாம்பல், இதுல எங்கயும் பச்சை கிடையாது. துண்டோட ஓரம் கூர்மையா தெரிஞ்ச வரைக்கும் கண்ணு அத தனிப் பொருளா எடுத்து வச்சிருந்துச்சு, டிஷ்யூ அந்த ஓரத்தை மழுக்குது, வெளிச்ச வித்தியாசத்தையும் குறைக்குது. முதல் தடவை பாக்கறவங்க டிஷ்யூவைத் தூக்கித் தூக்கிப் பாப்பாங்க.

7 ஜனவரி

பிரவுன். இத எழுதாம விட்டா மனசு கேக்காது.

பிரவுன் வெளிச்சம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வானவில்லுல தேடிப் பாருங்க, இல்ல. சுத்தி இருக்கறதை விட மங்கலா இருக்கற ஆரஞ்சுக்குத்தான் பிரவுன்னு பேர். ஸ்க்ரீன்ல வெள்ளை பேக்ரவுண்ட் மேல ஒரு பிரவுன் கட்டம் வரைங்க, ரூம் லைட்டை அணைச்சுட்டு பேக்ரவுண்டை மட்டும் மெல்ல மெல்ல கருப்பாக்குங்க, கட்டத்தைத் தொடாதீங்க. கொஞ்ச கொஞ்சமா அது ஆரஞ்சா எரிய ஆரம்பிக்கும். அதே பிக்சல், அதே எண்ணு. சாம்பலுக்கும் இதே கதைதான், இருட்டுல தனியா தெரியற வெளிச்சம் எவ்வளவு மங்கலா இருந்தாலும் சாம்பலா தெரியாது, மங்கலான வெள்ளையாத்தான் தெரியும். பக்கத்துல அதை விட பளிச்சுன்னு ஒண்ணு வந்தாத்தான் சாம்பல், பிரவுன், கருப்பு எல்லாம் பொறக்குது. அதனால "உண்மையான கலர் எது"ன்னு கேக்கறப்போ, எதுக்குப் பக்கத்துலன்னு சொல்லாம பிரவுனுக்கு பதிலே சொல்ல முடியாது.

10 ஜனவரி

4ஆம் தேதி எழுதுன விதியோட இதையும் சேத்துக்கங்க, இல்லேன்னா எங்கயாவது மாட்டிக்குவீங்க. எதிர்ப் பக்கம் தள்ளறதுங்கறது பரப்பு ஓரளவு பெருசா இருக்கறப்போ நடக்கறது. மெல்லிசு கோடு, சின்னப் புள்ளி, நெருக்கமான பேட்டர்ன்னு வந்துட்டா விஷயம் தலைகீழாயிடும், பக்கத்துக் கலர் தன் பக்கமா இழுக்க ஆரம்பிச்சுடும். 1874ல வில்ஹெல்ம் ஃபான் பெட்ஸோல்ட் இத எழுதினாரு, பேட்டர்ன்ல ஒரே ஒரு கலரை மாத்தினா மொத்த டிசைனும் கலர் மாறின மாதிரி ஆயிடுதுன்னு கவனிச்சாரு. சிவப்புத் தரை மேல கருப்புக் கோடு நெருக்கமா ஓடினா சிவப்பு இருண்டு போகும், அதே தரையில வெள்ளைக் கோடு ஓடினா சிவப்பு வெளுக்கும். முதல் விதிப்படி பாத்தா நேர்மாறா நடந்திருக்கணும்.

1979ல மைக்கேல் வைட் போட்ட படம் இன்னும் மண்டையைக் குடையும். கருப்பு வெள்ளைக் கோடு மாத்தி மாத்தி ஓடுது, கருப்புக் கோட்டுல ஒரு துண்டு வெட்டி சாம்பல் வைக்கறாங்க, வெள்ளைக் கோட்டுலயும் ஒரு துண்டு வெட்டி அதே சாம்பல் வைக்கறாங்க. கருப்புக் கோட்டுல உக்காந்த சாம்பலோட ரெண்டு பக்கமும் நீளமா தொட்டுட்டு இருக்கறது வெள்ளை, அப்போ அது இருண்டு தெரியணும் இல்ல? வெளுத்துத்தான் தெரியுது. தொட்டுட்டு இருக்கற கலரோட அளவு மட்டும் இத முடிவு பண்றதில்ல, அந்தத் துண்டு எந்தக் கோட்டைச் சேந்ததுன்னு கண்ணு எடுத்துக்குதோ அதுவும் சேந்து முடிவு பண்ணுது.

லோகோவுல மெல்லிசு எழுத்து இருந்தா இதுதான் வேலை செய்யும். தடியான வடிவம் நீலமாவும், அடியில பொடி எழுத்து ஆரஞ்சோட கலந்து பழுப்பாவும் தெரியும், ரெண்டுக்கும் ஒரே ஹெக்ஸ் கோடு குடுத்திருந்தாலும்.

11 ஜனவரி

"சுவருக்கு பச்சை பெயின்ட் அடிச்சதும் என் வெள்ளை சோஃபா பச்சையாயிடுச்சு, எதிர்க் கலர் வரணும்னு சொன்னீங்களே"ன்னு ஒருத்தர். அது வேற கேஸ். சுவர்ல பட்டுத் தெறிச்ச வெளிச்சம் நிஜமாவே பச்சையா சோஃபா மேல விழுது, மீட்டர் வச்சாலும் பச்சை வரும். கலர் பாக்கற வேலையில இருக்கறவங்க சாம்பல் இல்ல கருப்புச் சட்டை போடறதுக்கும் இதான் காரணம், சட்டைக் கலர் ஸ்க்ரீன்ல தெறிக்கும். மீட்டர்ல பிடிபட்டா வெளிச்சத்தோட வேலை, மீட்டர்ல ஒண்ணும் இல்லாம கண்ணுல மட்டும் தெரிஞ்சா கான்ட்ராஸ்ட். ஒரே ரூம்ல ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும், அதனாலதான் குழப்பம்.

14 ஜனவரி

எட்வர்ட் அடெல்சனோட செக்கர்போர்டு படத்தப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. 1995, எம்ஐடி. சதுரங்கக் கட்டம், ஓரத்துல ஒரு பச்சை உருளை, அதோட நிழல் கட்டத்து மேல சாஞ்சு விழுது. நிழலுக்கு வெளியில இருக்கற கருப்புக் கட்டமும் நிழலுக்குள்ள இருக்கற வெள்ளைக் கட்டமும் ஒரே சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் மூணு எண்ணும் 120. யாரு பாத்தாலும் ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை. இதுல பக்கத்துக் கட்டத்தோட கான்ட்ராஸ்ட் பாதி வேலை செய்யுது, மீதிய நிழலைப் பத்தின கணக்கு செய்யுது: நிழல்ல இருந்தும் இவ்வளவு வெளிச்சம் வருதுன்னா இது வெளிர் கட்டமாத்தான் இருக்கணும். அந்தக் கணக்கு சரியான கணக்கு. வெயில்ல கிடக்கற கரித்துண்டு, ரூமுக்குள்ள இருக்கற வெள்ளைத் தாளை விட அதிக வெளிச்சத்த கண்ணுக்கு அனுப்பும், ஆனாலும் நமக்கு கரி கரிதான், தாள் தாள்தான். கண்ணு இந்தக் கணக்கை விட்டுட்டா மேகம் மறைக்கறப்போ எல்லாம் எல்லாப் பொருளும் கலர் மாறிட்டே இருக்கும்.

போலராய்ட் கம்பெனிய ஆரம்பிச்ச எட்வின் லேண்ட் இத மேடையிலயே பண்ணிக் காட்டுவாரு. கலர் கலரா காகிதத் துண்டு ஒட்டின பெரிய பலகை, மூணு ப்ரொஜெக்டர், சிவப்பு பச்சை நீல வெளிச்சம் தனித்தனியா. முதல்ல ஒரு துண்டுல இருந்து வர்ற மூணு வெளிச்சத்தையும் மீட்டர்ல அளந்துக்குவாரு. அப்புறம் வேற கலர் துண்டுக்குப் போயி, அதுல இருந்தும் அதே மூணு எண்ணு வர்ற மாதிரி ப்ரொஜெக்டரைத் திருகுவாரு. இப்போ கண்ணுக்கு வர்ற வெளிச்சம் முன்ன மாதிரியேதான், ஆனா பச்சைத் துண்டு பச்சையாவும் மஞ்சள் துண்டு மஞ்சளாவும் நிக்கும். சுத்தி இருக்கற மத்த துண்டுங்களோட வெளிச்சமும் சேந்து மாறிடுதுல்ல, அத வச்சு கண்ணு சமன் பண்ணிக்குது. அந்தத் துண்டை மட்டும் தனியா பிரிச்சுக் காட்டினா கலர் போயிடும்.

2015 பிப்ரவரியில உலகமே சண்டை போட்ட அந்த டிரஸ் போட்டோ இதுல மாட்டினதுதான். துணி நிஜத்துல நீலமும் கருப்பும். போட்டோவுல சுத்தி இருக்கறது சரியா தெரியல, அதனால வெளிச்சம் எப்படிப்பட்டதுன்னு ஒவ்வொருத்தர் கண்ணும் ஒரு முடிவு எடுத்துக்குச்சு. நிழல்ல இருக்குன்னு எடுத்துக்கிட்டவங்களுக்கு வெள்ளையும் தங்கமும்.

நிலா இன்னொண்ணு. அதோட தரை மேல விழற வெளிச்சத்துல 12 சதவீதம் வாக்குலதான் திருப்பி அனுப்புது, கிட்டத்தட்ட தார் ரோடு மாதிரி. பக்கத்துல நிஜமான வெள்ளை எதுவும் இல்லாததால வெள்ளை வெளேர்னு நிக்குது. 1929ல அதெமார் கெல்ப் ரூமுக்குள்ளயே இத செஞ்சாரு: இருட்டு ரூம், ஒரு கருப்புத் தட்டு, அது மேல மட்டும் மறைவா ஒரு விளக்கு. தட்டு வெள்ளையா தெரியும். அதே வெளிச்சத்துல தட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன வெள்ளைக் காகிதத்த நீட்டினா தட்டு சட்டுன்னு கருப்பாயிடும். காகிதத்த எடுத்தா மறுபடி வெள்ளை.

16 ஜனவரி

"ஸ்பெக்ட்ரோல டெல்டா ஈ ஒண்ணுக்குக் கீழ வந்துட்டா அதுதான் முடிவு, கண்ணுக்கு வேற மாதிரி தெரியுதுன்னு கஸ்டமர் சொல்றது செல்லாது"ன்னு ஒரு வாதம் வந்திருக்கு. ஸ்பெக்ட்ரோங்கறது கலரை அளக்கற மெஷின், டெல்டா ஈங்கறது ரெண்டு கலருக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு சொல்ற எண்ணு. நான் பிரிண்டிங்ல கலர் பாக்கற வேலைதான் பண்றேன், அதனால இத விட மாட்டேன்.

ஒரு புத்தக அட்டை. முழுக்க ஆழமான மெரூன், நடுவுல வெளிர் சாம்பல் பட்டை, பட்டையில தலைப்பு. கஸ்டமர் ஒத்துக்கிட்ட சாம்பல் வெள்ளைத் தாள்ல தனியா அடிச்ச ப்ரூஃப் (முன்கூட்டி அடிச்சுக் காட்டற மாதிரி). அட்டை அடிச்சு ஷீட் கையில குடுத்ததும் "பச்சை ஏறிடுச்சு, சியான் (பச்சை கலந்த நீல மை) ஜாஸ்தி"ன்னாரு. ஸ்பெக்ட்ரோ வச்சா ரெண்டும் ஒண்ணு. ஓட்டை போட்ட சாம்பல் அட்டையை வச்சுக் காட்டினேன், அவருக்கும் ஒண்ணாத் தெரிஞ்சுது, ஆனா உடனே அவரு கேட்டாரு, "புத்தகம் வாங்கறவங்க கிட்ட எல்லாம் இந்த அட்டையைக் குடுப்பீங்களா?" அந்தக் கேள்வி சரியான கேள்வி. சாம்பல்ல ரெண்டு சதவீதம் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு மை) ஏத்தி, துளி மஞ்சளும் சேத்து புதுசா பிளேட் போட்டோம். எண்ணுல பாத்தா அது ப்ரூஃபை விட்டு விலகின சாம்பல், அந்த மெரூன் நடுவுல பாத்தா அவரு முதல்ல கேட்ட அதே சாம்பல்.

எண்ணு எதுக்கு உதவும்னா முதல் ஷீட்டும் கடைசி ஷீட்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்க, அதுக்கு அது இல்லாம முடியாது. டெல்டா ஈ கணக்கு நிக்கற 1976 சிஐஇ லேப்ங்கற, கலரை எண்ணா எழுதற முறையில பேக்ரவுண்ட்னு ஒரு இடமே கிடையாது. பின்னாடி வந்த சிஐஇகேம் 02ங்கற கணக்கு முறை பேக்ரவுண்டோட வெளிச்ச அளவு, சுத்துப்புறம் இருட்டா சாதாரணமான்னு கேட்டு வாங்கிக்குது, ஆனா பேக்ரவுண்ட் மெரூனா பச்சையாங்கறத அதுவும் கேக்கறதில்ல. அந்த இடைவெளிய நிரப்பறதுக்கு இன்னிக்கும் பழகின கண்ணு ஒண்ணு ஷீட்டுக்கு முன்னாடி நின்னே ஆகணும், இது எனக்கு பெருமையான விஷயம்.

16 ஜனவரி, சேத்து

வியூவிங் பூத்துக்குள்ள (அச்சடிச்சத வச்சு கலர் பாக்கற பெட்டி) ஏன் மங்கல் சாம்பல் அடிச்சிருக்கு, போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேர் எல்லாம் ஏன் சாம்பல் ஜன்னலா வருதுன்னு கேட்டவருக்கு பதில் மேலயே இருக்கு. அச்சுக் கலரை எந்த வெளிச்சத்துல பாக்கணும்னு சொல்ற ஐஎஸ்ஓ 3664 தரத்துல 5000 கெல்வின் (பகல் மாதிரி) வெளிச்சத்தோட சுத்துப்புறம் பளபளப்பு இல்லாத சாம்பலா இருக்கணும்னும் சேத்தே கேக்கறாங்க. பல் கட்டறவங்களும் ஷேடு பாக்கறப்போ லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்வாங்க, பளிச்சுன்னு கலர்ச் சட்டை போட்டிருந்தா கழுத்து வரைக்கும் சாம்பல் துணி போத்துவாங்க, முதல் சில வினாடியில தோணறதத்தான் எடுத்துக்குவாங்க.

19 ஜனவரி

பேனர்காரருக்கு. எல்லாத்தையும் படிச்சுட்டு "கடைசியா என்ன பண்ணட்டும்"னு கேட்டிருக்கீங்க. ஆரஞ்சு பேக்ரவுண்டை நிஜ அளவுல ஸ்க்ரீன்ல போடுங்க, சின்ன தம்ப்நெய்ல்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, பரப்பு மாறினா தள்ளலும் மாறிடும். லோகோவைத் தேர்வு பண்ணி அந்த ஆரஞ்சோட சாயல்லயே துளித் துளியா ஏத்துங்க, சிவப்பு எண்ணு கொஞ்சம் மேல, நீலம் கொஞ்சம் கீழ. ஒரு கட்டத்துல நீலம் விட்டுப்போயி சாம்பலா உக்காரும், அதத் தாண்டினா பழுப்பு தட்டும், ரெண்டுக்கும் நடுவுல நில்லுங்க. ஒரேயடியா வெறிச்சுப் பாத்துட்டு இருந்தா கண்ணு பழகிடும், அப்பப்போ வெளிய பாத்துட்டு வந்து முதல் பார்வையில என்ன தோணுதோ அத எடுத்துக்கங்க. அடியில பொடி எழுத்து இருந்தா அதுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது, அத தனியா கொஞ்சம் வெளிராக்கி, கோட்டையும் தடிமனாக்கிப் பாருங்க.

இப்படி வந்த சாம்பலை வெள்ளை மேல வச்சா அழுக்கா தெரியும், அதனால பழைய 808080 வெள்ளைக்கு மட்டும், புதுசு ஆரஞ்சுக்கு மட்டும். ரெண்டையும் "வெள்ளை மேல", "ஆரஞ்சு மேல"ன்னு பேர் போட்டு தனித்தனி ஸ்வாட்சா (சேத்து வைக்கற கலர் மாதிரி) சேவ் பண்ணுங்க, இல்லேன்னா அடுத்து அந்த ஃபைலைத் திறக்கறவங்க ஏதோ தப்பு நடந்திருக்குன்னு நெனச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடுவாங்க.